ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: பலத்தைப் பயன்படுத்தி, குறைகளைத் தாண்டி விளையாடக் கற்பது எப்படி

இடைக்காலப் போர்களைக் களமாகக் கொண்ட உத்தி விளையாட்டுகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அளவுக்கு நீண்ட ஆயுள் பெற்றவை மிகக் குறைவு. என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் புதிய நாகரிகங்களையும் திருத்தங்களையும் பெற்றுவருகிறது. இதைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர்களுக்காகவும், சிறுவயதில் விளையாடிவிட்டு இப்போது திரும்பி வருகிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு உரியவை. திருத்தங்கள் வரும்போது அவற்றில் சில மாறக்கூடும் என்றாலும் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

இந்த விளையாட்டின் தலையாய பலம், எந்தப் படைக்கும் கட்டுப்படியாகும் செலவில் ஒரு மாற்றுப்படை இருப்பதே. தலையாய பலவீனமோ, ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் பொருளாதாரத்தை அது விளையாடுகிறவரின் கண்ணில் படும்படி வைக்காததே. திரையில் குதிரைகளும் கோட்டைகளும் மோதிக்கொள்வதைப் பார்க்கிற புதியவர், போரில் தோற்றதால் ஆட்டத்தில் தோற்றதாக நினைக்கிறார். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் முதல் வாள் உருவப்படுவதற்கு முன்பே, ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் புதிய தொழிலாளர்களை உருவாக்காமல் சும்மா நின்ற நிமிடங்களில் தோற்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே கற்கும் வரிசையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் பத்து நிமிடங்கள்

வழக்கமான ரேண்டம் மேப் ஆட்டத்தில் உங்களுக்கு ஒரு டவுன் சென்டர், வளம் சேகரித்துக் கட்டடம் கட்டும் மூன்று வில்லேஜர்கள், வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட் குதிரைவீரர், கூடவே 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல் ஆகியவை தரப்படுகின்றன. ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 விநாடிகளும் ஆகும். ஆட்டம் தொடங்கிய கணத்திலேயே கையிலுள்ள 200 உணவைக் கொண்டு நான்கு வில்லேஜர்களை வரிசையில் போட்டுவிட வேண்டும். அதே நேரத்தில் மூன்று வில்லேஜர்களையும் பிரித்து, தலா 25 மரம் செலவாகும் இரண்டு வீடுகளைக் கட்டச் செய்ய வேண்டும். டவுன் சென்டர் ஐந்து பேருக்கு மட்டுமே இடம் தருகிறது என்பதால், வீடு தாமதித்தால் வில்லேஜர் உற்பத்தியும் அங்கேயே நின்றுவிடும். வீடுகள் முடிந்ததும் அந்த மூவரையும் அடுத்து வருகிற மூவரையும் ஆடுகளில் அமர்த்துங்கள். அதன் பிறகு வருகிறவர்களில் மூவரையோ நால்வரையோ மரம் வெட்ட அனுப்பி, காட்டின் ஓரத்தில் 100 மரத்துக்கு ஒரு லம்பர் கேம்ப் கட்டுங்கள்.

இந்த முதல் கட்டத்தை ஒரு கணக்காகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். 21 வில்லேஜர்களும் ஒரு ஸ்கவுட்டுமாக 22 பேர் சேர்ந்த பிறகு, நான்கு காலகட்டங்களில் இரண்டாவதான ஃபியூடல் ஏஜுக்குச் செல்வது புதியவர்களுக்கு ஏற்ற இலக்கு. அதற்குப் புதிதாக 18 வில்லேஜர்கள் வேண்டும், அதாவது 450 விநாடிகள். வில்லேஜர்களின் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டும் லூம் என்ற ஆய்வுக்கு இன்னொரு 25 விநாடிகள். டவுன் சென்டர் ஒரு கணமும் நிற்காவிட்டால் ஆட்டக் கடிகாரத்தில் 7 நிமிடம் 55 விநாடியில் நீங்கள் பொத்தானை அழுத்த முடியும். ஃபியூடல் ஏஜ் வந்துசேர 130 விநாடிகள் ஆவதால், 10 நிமிடம் 5 விநாடியில் அடுத்த காலகட்டத்தில் இருப்பீர்கள். உங்கள் ஆட்டத்தில் இது 12 நிமிடங்களுக்கு நீண்டால், இடையிலுள்ள இரண்டு நிமிடங்களும் எங்கோ வீணடிக்கப்பட்டவை. நாலைந்து வில்லேஜர்கள் உருவாகியிருக்க வேண்டிய நேரம் அது.

உணவுக் கணக்கும் இதேபோல எளியது. 18 வில்லேஜர்களுக்கு 900 உணவு, ஃபியூடல் ஏஜுக்கு 500, ஆக மொத்தம் 1,400. கையிலுள்ள 200 போக 1,200 உணவைத் திரட்ட வேண்டும். வழக்கமான வரைபடத்தில் எட்டு ஆடுகள் தலா 100 உணவும், இரண்டு காட்டுப்பன்றிகள் தலா 340 உணவும், பெர்ரிப் புதர்கள் ஆறும் தலா 125 உணவும் தருகின்றன. இவை எல்லாம் சேர்ந்தால் 2,200க்கும் மேல் ஆகும். சேகரிக்கும்போது கொஞ்சம் அழுகி வீணானாலும், ஃபியூடல் ஏஜுக்கு முன் வயல்களில் மரத்தைக் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. ஒரு வயலுக்கு 60 மரம் ஆகும். புதியவர்கள் ஆரம்பத்திலேயே வயல் போட்டுவிட்டு, பிறகு படைக்கூடம் கட்ட மரம் இல்லாமல் தவிப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

காட்டுப்பன்றியை வரவழைப்பதுதான் இந்தக் கட்டத்தின் ஒரே நுட்பமான வேலை. ஆடுகள் தீரும் தறுவாயில், உடல்நலம் முழுமையாக உள்ள ஒரு வில்லேஜரைப் பன்றியிடம் அனுப்புங்கள். அவர் ஓர் அம்பு எய்ததும் பன்றி சீறத் தொடங்கும். இரண்டாவது அம்பும் பட்டவுடன் அவரை டவுன் சென்டருக்குத் திருப்பிவிட வேண்டும். சாதாரண வில்லேஜரின் உயிர்ப்புள்ளிகள் 25 மட்டுமே. லூம் முடிந்திருந்தால் 40. லூம் இல்லாமல் சற்று நின்றுவிட்டாலும் அவரை இழந்துவிடுவீர்கள். பன்றி டவுன் சென்டரின் அருகே வந்ததும், ஆடுகளில் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களை அதன் மீது ஏவ வேண்டும். ஓடி வந்தவரைச் சில விநாடிகள் டவுன் சென்டருக்குள் அனுப்பிவிட்டால், பன்றி மற்றவர்கள் பக்கம் திரும்பி விழுந்துவிடும். டவுன் சென்டரின் வாசலிலேயே அது சாய்வதால் சேகரிப்பவர்கள் நடக்க வேண்டிய தூரம் இல்லாமல் போகிறது. இந்த ஒரே காரணத்துக்காகத்தான் இவ்வளவு சிரமமும். இரண்டாவது பன்றியை முதலாவது தீர்வதற்குச் சற்று முன் அழைத்து வாருங்கள். அதே வில்லேஜரை மறுபடியும் அனுப்பாமல் காயமில்லாத வேறொருவரை அனுப்புவது நல்லது.

விசைப்பலகையில் இரண்டு மூன்று குறுக்குவிசைகளை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள்: டவுன் சென்டரைத் தேர்ந்தெடுப்பது, வில்லேஜரை உருவாக்குவது, வேலையின்றி நிற்கும் வில்லேஜரைக் கண்டுபிடிப்பது. போர் நடக்கும்போதும் கண் களத்தில் இருக்க, கை இந்த விசைகளைத் தேடிப்போகும் நிலை வந்துவிட்டால், பாதி ஆட்டத்தைக் கற்றுவிட்டீர்கள் என்றே சொல்லலாம்.

எதற்கு எது மாற்று

விளையாட்டின் அழகு இங்கேதான் வெளிப்படுகிறது. மூன்றாவது காலகட்டமான காசில் ஏஜில் தோன்றும் நைட், 60 உணவும் 75 தங்கமும் விலையுள்ள வேகமான குதிரைவீரர். 100 உயிர்ப்புள்ளிகளோடு வில்லேஜர்களை வேட்டையாடும்போது அவரைத் தடுக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் 35 உணவும் 25 மரமும் மட்டுமே செலவாகும் ஸ்பியர்மேன் என்ற ஈட்டிவீரருக்குக் குதிரைப்படைக்கு எதிரான தனித் தாக்குதல் உண்டு. மேம்பாடுகள் ஏதும் இல்லாத நிலையில் ஒரு ஸ்பியர்மேன் நைட்டை ஏழு குத்தில் வீழ்த்துகிறார். அடுத்த நிலையான பைக்மேனாக உயர்த்தப்பட்டவருக்கு ஐந்து குத்து போதும். நைட் வேகமாக வெட்டுவதால் தனித்து நிற்கும் ஒரு ஸ்பியர்மேன் அவரிடம் தோற்றுவிடுவார். ஆனால் இரண்டு பைக்மேன்கள் சேர்ந்து நின்றால், ஒருவரையும் இழக்காமல் ஒரு நைட்டைச் சாய்க்க முடியும். அந்த இருவருக்கும் சேர்த்து ஆகும் செலவு 70 உணவும் 50 மரமும்தான். தங்கம் ஒரு துளியும் இல்லை.

வில்லாளர்களுக்கு மாற்று, எறியீட்டி வீசும் ஸ்கர்மிஷர். வில்லாளருக்கு 25 மரமும் 45 தங்கமும் ஆகும்போது, ஸ்கர்மிஷருக்கு 25 உணவும் 35 மரமும் போதும். பைக்மேன்களை வில்லாளர்கள் எளிதாகக் கொன்றுவிடுவார்கள், கூடி நிற்கும் வில்லாளர்களை மாங்கனெல் என்ற கல்லெறி இயந்திரம் ஒரே வீச்சில் அழித்துவிடும், அந்த இயந்திரத்தைக் குதிரைகள் நெருங்கி நொறுக்கிவிடும். விலையுயர்ந்த யானைகளையும் நைட்களையும் 100 தங்கம் விலையுள்ள துறவி தன் பக்கம் மாற்றிக்கொள்வார், அந்தத் துறவியை மலிவான லைட் கேவல்ரி துரத்திப் பிடித்துவிடும். இந்தச் சங்கிலியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதிரி என்ன கட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஸ்கவுட்டை அனுப்பிப் பார்த்துவிட்டு, அதற்கான மாற்றை அவருக்கு முன்பே தயாரிக்கும் பழக்கம் வந்தால் போதும். அவருடைய ஊரில் வில்லாளர்களை உருவாக்கும் ஆர்ச்சரி ரேஞ்ச்கள் இரண்டு தெரிந்தால் ஸ்கர்மிஷர்களும், குதிரைலாயமான ஸ்டேபிள்கள் இரண்டு தெரிந்தால் ஈட்டிவீரர்களும் உடனே வரிசையில் ஏற வேண்டும்.

ஈட்டிவீரர், ஸ்கர்மிஷர், லைட் கேவல்ரி எனத் தங்கம் தேவைப்படாத இந்த மூன்று வகைப் படைகளும் ஆட்டத்தின் இறுதியில் இன்னும் மதிப்புப் பெறுகின்றன. ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் வரைபடத்தின் தங்கச் சுரங்கங்கள் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். அப்போது ரெலிக் எனப்படும் புனிதச் சின்னங்களைத் துறவிகளைக் கொண்டு சேகரித்து மடாலயத்தில் வைத்திருப்பவர் மேலோங்குவார், ஏனெனில் ஒவ்வொரு புனிதச் சின்னமும் நிமிடத்துக்கு 30 தங்கம் தந்துகொண்டே இருக்கும். சந்தையில் மரத்தை விற்றுத் தங்கம் வாங்கலாம் என்றாலும் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 30 சதவீதம் கட்டணமாகப் போய்விடுகிறது. எனவே அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசில் ஏஜில் செய்ய வேண்டியது

காசில் ஏஜுக்கு 800 உணவும் 200 தங்கமும் ஆகும். அங்கு சென்றதும் கோட்டை கட்டும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஒரு கோட்டைக்கு 650 கல் தேவை என்பதால் பல வில்லேஜர்களைக் கல் வெட்ட அனுப்ப நேரும். அதைவிடச் சிறந்த வழி ஒன்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. புதிய டவுன் சென்டர் ஒன்றுக்கு 275 மரமும் 100 கல்லும் ஆகும். தொடக்கத்தில் கிடைத்த 200 கல்லைத் தொடாமல் வைத்திருந்தால், ஒரு கல்லும் வெட்டாமல் கூடுதலாக இரண்டு டவுன் சென்டர்களைக் கட்டிவிடலாம். மூன்று டவுன் சென்டர்களிலிருந்தும் 25 விநாடிகளுக்கு ஒருமுறை மூன்று வில்லேஜர்கள் வெளிவரத் தொடங்கினால், சில நிமிடங்களிலேயே பொருளாதாரம் எதிரியுடையதைப் போல இருமடங்காகிவிடும். ஆனால் அந்த மூன்றையும் ஓயாமல் இயக்க 25 விநாடிகளுக்கு 150 உணவு வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. வயல்களைப் பெருக்காமல் டவுன் சென்டர்களை மட்டும் பெருக்கினால் பயன் இல்லை. மரத்துக்கான டபுள்-பிட் ஆக்ஸ், வயலுக்கான ஹார்ஸ் காலர், நடைவேகத்தைக் கூட்டும் வீல்பேரோ ஆகிய மூன்று ஆய்வுகளையும் ஃபியூடல் ஏஜிலேயே முடித்துவிட்டு வருவது இதனால்தான் முக்கியமாகிறது.

எதிரி அதே நேரத்தில் நைட்களோடு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால், டவுன் சென்டர் எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, முதலில் பைக்மேன்களில் செலவிடுங்கள்.

எந்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்பது

1999இல் 13 நாகரிகங்களோடு தொடங்கிய விளையாட்டில் இப்போது 45க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இந்தப் பன்மை பலம்தான் என்றாலும், கற்கிறவருக்கு அது சுமையாக மாறுகிறது. எல்லாவற்றையும் சுற்றிப்பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒன்றிரண்டோடு நீண்ட காலம் விளையாடுவதையே பரிந்துரைக்கிறேன்.

ஃபிராங்க்ஸ் என் முதல் தேர்வு. அவர்களுடைய குதிரைவீரர்களுக்கு உயிர்ப்புள்ளிகள் அதிகம், வயல் தொடர்பான ஆய்வுகள் இலவசம், பெர்ரி சேகரிப்பும் வேகம். வில்படை பலவீனமானது என்பதால் என்ன செய்வதென்ற குழப்பமே எழாது. நைட்களைச் செய்துகொண்டே போகலாம். பிரிட்டன்ஸ் இதற்கு நேர் எதிர். காசில் ஏஜிலும் கடைசிக் காலகட்டமான இம்பீரியல் ஏஜிலும் அவர்களுடைய காலாட்படை வில்லாளர்களின் எறிதூரம் கூடுகிறது, காசில் ஏஜ் முதல் டவுன் சென்டருக்கு ஆகும் மரம் பாதியாகிறது. குதிரைப்படையில் கை ஓங்காத அவர்கள், மாங்கனெல்கள் திரண்டு வந்தால் திணறுவார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இயல்பாகவே ஆர்வம் தரும் திராவிடியன்ஸ் நாகரிகம் 2022 ஏப்ரலில் வெளிவந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்டது. அதுவரை இந்தியன்ஸ் என்ற ஒரே பெயரில் இருந்தவர்கள் ஹிந்துஸ்தானீஸ் என மாற்றப்பட்டு, பெங்காலிஸ், குர்ஜராஸ் ஆகியோரோடு தென்னிந்தியாவுக்கும் தனி இடம் கிடைத்தது. வீரர்கள் தமிழில் பதிலளிக்கிறார்கள். உறுமி வாள்வீரர்களும் திரிசடை என்ற பெருங்கப்பலும் அவர்களுக்கே உரியவை. 1025இல் கடாரம் நோக்கிக் கடற்படை செலுத்திய இராஜேந்திர சோழரை மையமாகக் கொண்ட ஒரு தொடர்கதைப் போரும் அதில் உண்டு. நம் மொழியை இந்த விளையாட்டில் கேட்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் திராவிடியன்ஸை முதல் நாகரிகமாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு நைட் கிடையாது, குதிரைப்படை பொதுவாகவே நலிந்தது. திறந்த வெளியான அரேபியா வரைபடத்தில் வேகமாக ஓடி வரும் எதிரியைத் துரத்திப் பிடிக்க அவர்களிடம் ஆள் இல்லை. அவர்களுடைய பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலகட்டத்துக்கு முன்னேறும்போதும் 200 மரம் இனாமாகக் கிடைக்கிறது. ஃபியூடல் ஏஜில் ஓர் ஆர்ச்சரி ரேஞ்சுக்கு 175, ஒரு வீட்டுக்கு 25 என அந்த மரம் சரியாகச் செலவாகிவிடும். ஸ்கர்மிஷர்கள் மற்றவர்களுடையதைவிட வேகமாக எறிகிறார்கள், காலாட்படைக் கூடமான பேரக்ஸில் செய்யும் ஆய்வுகளின் விலை பாதி, முற்றுகை இயந்திரங்களுக்கு மரச்செலவும் குறைவு. ஆகவே ஸ்கர்மிஷர்களையும் ஈட்டிவீரர்களையும் முன்னிறுத்தி, பின்னால் முற்றுகை இயந்திரங்களை நகர்த்திச் சென்றால் தரையிலும் தாக்குப்பிடிக்கலாம். தீவுகள் நிறைந்த நீர் வரைபடங்களிலோ மீன்பிடிப்பிலிருந்து போர்க்கப்பல் வரை அவர்கள் கை ஓங்கிவிடும். ஃபிராங்க்ஸோடு அடிப்படையைப் பழகிவிட்டு, கடல் வரைபடங்களில் திராவிடியன்ஸை எடுத்துக்கொள்வதே நல்ல வழி.

குறைகளும் அவற்றைக் கடக்கும் வழிகளும்

விளையாட்டோடு வரும் பழைய பயிற்சியான வில்லியம் வாலஸ் தொடர், நடப்பது, வெட்டுவது, கட்டுவது ஆகியவற்றை மட்டுமே சொல்லித்தருகிறது. வில்லேஜர் உற்பத்தி நிற்கக்கூடாது என்ற முதன்மைப் பாடம் அதில் கிடைக்காது. தொடர்கதைப் போர்கள் கதையாக அருமையானவை. ஆனால் அங்கே எதிரி பெரும்பாலும் காத்திருப்பதால், அவற்றை மட்டும் முடித்துவிட்டு மனிதர்களோடு மோதப் போகிறவர் பத்தாவது நிமிடத்திலேயே ஸ்கவுட்களின் தாக்குதலில் நிலைகுலைந்துவிடுவார். ஆர்ட் ஆஃப் வார் என்ற பகுதியில் உள்ள சவால்களை முதலில் முடியுங்கள். தொடக்கப் பொருளாதாரமும், காசில் ஏஜுக்கு விரைவதும், பொருளாதாரத்தைப் பெருக்குவதும் அங்கே நேர அளவோடு பயிற்சியாகின்றன. தங்கப் பதக்கம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வெள்ளி கிடைத்தாலே கணினி எதிரியோடு மோதத் தகுதி வந்துவிட்டது. மிதமான நிலையிலிருந்து ஹார்ட், ஹார்டஸ்ட் என உயர்ந்துகொண்டே போங்கள். டெஃபினிட்டிவ் எடிஷனின் கணினி எதிரி இனாமாக வளம் பெறாமல் உங்களைப் போலவே சேகரித்து விளையாடுகிறது என்பது பாராட்டத்தக்க மாற்றம். அதனால் அதனிடம் தோற்கும்போதும் கற்க ஏதாவது இருக்கும்.

வீரர்கள் வழி கண்டுபிடித்து நடக்கும் விதம் இந்த விளையாட்டின் நெடுநாள் நோய். திருத்தங்கள் வந்தவண்ணம் இருந்தும், பெரிய படை குறுகிய வாயிலைக் கடக்கும்போது முட்டிக்கொண்டு நிற்பதும், கைகலப்பு வீரர்கள் எதிரியைச் சுற்றிச்சுற்றி வருவதும் இன்னும் நடக்கின்றன. படையை இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்து எண் விசைகளில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளில் போரிடாதீர்கள். உங்கள் கட்டடங்களுக்கு நடுவே நான்கைந்து பேர் ஒருசேர நடக்குமளவு இடைவெளி விடுங்கள். படையை நகர்த்திவிட்டு ஊருக்குத் திரும்பிப் பார்க்கும்போது, வெறுமனே நகரும் கட்டளைக்குப் பதிலாகத் தாக்கியபடி நகரும் கட்டளையைக் கொடுத்துப் பழகுங்கள். இல்லையென்றால் வீரர்கள் எதிரியின் அம்புக்குக் கீழே பதிலடி கொடுக்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள்.

விரிவாக்கங்கள் தனித்தனியே விற்கப்படுவதும் குறைதான். ஒவ்வொன்றையும் வாங்கத் தேவையில்லை. அடிப்படைத் தொகுப்பில் உள்ள நாகரிகங்களே பல ஆண்டுகளுக்குப் போதும், நீங்கள் வாங்காத நாகரிகத்தை எதிரி வைத்திருந்தாலும் அவரோடு விளையாடத் தடையில்லை. திராவிடியன்ஸ் வேண்டுமென்றால் மட்டும் இந்திய விரிவாக்கத்தைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரலாற்றைக் கற்க இதை நம்பியிருப்பதும் சரியல்ல. நான்கு காலகட்டங்கள் என்ற ஐரோப்பியச் சட்டகத்துக்குள் எல்லா நாடுகளும் அடைக்கப்பட்டிருக்கின்றன. சோழர், பாண்டியர், சேரர் என ஒன்றோடொன்று போரிட்ட அரசுகள் ஒரே நாகரிகமாகிவிட்டன. 2025இல் வந்த சீன விரிவாக்கத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு அரசுகள் சேர்க்கப்பட்டபோது, இடைக்காலம் என்ற எல்லையே குழம்பிவிட்டதாக விளையாடுபவர்களில் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. இராஜேந்திரரின் தொடரை விளையாடி முடித்த கையோடு திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றியும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றியும் படிக்கத் தோன்றினால், அந்தத் தொடர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.

மனிதர்களோடு மோதத் தொடங்கியபின்

தரவரிசை ஆட்டங்களில் எல்லோரும் 1,000 புள்ளிகளோடு தொடங்குகிறார்கள் என்பதால், தொடக்கத்தில் உங்களைவிடத் தேர்ந்தவர்களே எதிரே வருவார்கள். முதல் சில தோல்விகளுக்குப் பிறகு புள்ளிகள் உங்கள் நிலைக்கு இறங்கி, சம பலமுள்ளவர்கள் கிடைப்பார்கள். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். சுவர்கள் ஏற்கெனவே கட்டப்பட்டுள்ள அரீனா வரைபடத்தில் தொடங்கினால், காசில் ஏஜ் வரை பெரும்பாலும் அமைதியாகப் பொருளாதாரத்தைப் பழகலாம். அரேபியாவுக்குப் பிறகு செல்லலாம்.

தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றின் பதிவையும் விளையாட்டே சேமித்துவைக்கிறது. அதைத் திறந்து, போர் நடந்த இடத்தைப் பார்க்காமல், முதல் 15 நிமிடங்களுக்கு உங்கள் டவுன் சென்டரை மட்டும் பாருங்கள். அது வேலையின்றி நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடு இல்லையா, உணவு தீர்ந்ததா, அல்லது நீங்கள் வேறெங்கோ சண்டை பார்த்துக்கொண்டிருந்தீர்களா? மூன்றாவது காரணமே அடிக்கடி வருமானால், அடுத்த ஆட்டத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து வில்லேஜர்களை வரிசையில் போட்டுவிட்டுப் போருக்குச் செல்லுங்கள். உணவு கொஞ்சம் முடங்கும் என்றாலும் உற்பத்தி நிற்காது. உணவே காரணமென்றால் மரம் வெட்டுபவர்களில் இருவரை வயலுக்கு மாற்றுங்கள். பிறகு எதிரியின் பார்வையிலிருந்து அதே பதிவை ஒருமுறை ஓட்டி, அவர் உங்கள் ஊருக்கு ஸ்கவுட்டை எப்போது அனுப்பினார், எதைப் பார்த்ததும் தன் படையை மாற்றினார் என்பதைக் கவனியுங்கள்.